கரும்பலகைக்கு ஆசிரியர் இல்லை, கண்காணிப்புப் பலகைக்குக் குறைவில்லை

1987-ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு 'கரும்பலகைத் திட்டம்' என்ற பெயரில் நாட்டின் தொடக்கப்பள்ளிகளுக்கு மூன்று வாக்குறுதிகளை அளித்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறைகள், குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், கரும்பலகை உள்ளிட்ட அடிப்படைக் கற்பித்தல் சாதனங்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒன்றிய கல்வி அமைச்சகமே வெளியிட்ட யுடைஸ் பிளஸ் புள்ளிவிவரத்தின்படி, 2024-25 கல்வியாண்டில் ஒரே ஓர் ஆசிரியருடன் இயங்கும் பள்ளிகள் 1,04,125. அவற்றில் பயிலும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல். இத்தகைய பள்ளிகள் ஆந்திரப் பிரதேசத்தில் மிக அதிகம்; இவற்றில் அடைபட்டுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசமும் ஜார்க்கண்டும் முன்னணியில் நிற்கின்றன.

இரண்டாவது ஆசிரியர் இன்னும் வந்து சேரவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு பலகை வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு டேஷ்போர்டு என்று பெயர். குழந்தை ஏழையும் எட்டையும் பெருக்கத் தெரிந்துகொண்டதா, பதினைந்திலிருந்து ஒன்பதைக் கழிக்கத் தெரிந்துகொண்டதா என்பதைச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். பதிவானதும் அக்குழந்தையின் பெயருக்கு நேரே பச்சையோ மஞ்சளோ சிவப்போ ஒளிரும். வகுப்பு, பள்ளி, வட்டாரம், மாவட்டம் எனத் திரண்டு அந்த நிறங்கள் தலைநகரின் பெருந்திரையை அடையும். திரையின் முன் அமர்ந்திருப்பவர் எந்தப் பள்ளி 'பின்தங்கியது', எந்த ஆசிரியர் 'செயல்படாதவர்' என்று தீர்ப்பு வழங்குவார். அந்தப் பள்ளியில் இரண்டாவது ஆசிரியர் ஏன் இல்லை என்று திரும்பிக் கேட்பதற்கு அத்திரையில் இடமில்லை.

நெருக்கடி கற்பனையல்ல

இவ்விஷயத்தில் இடதுசாரி, ஆசிரியர் இயக்க வட்டாரங்களில் சில சமயம் கேட்கும் ஒரு வாதத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். கற்றல் நெருக்கடி என்பதே தனியார்மயவாதிகள் கட்டிவிட்ட கதை, அரசுப் பள்ளியை இழிவுபடுத்தும் சூழ்ச்சி என்பது அந்த வாதம். சூழ்ச்சி இருக்கிறது, ஆனால் நெருக்கடியும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு, கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பில் பயிலும் குழந்தைகளில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைச் செய்ய முடிந்தோர் மூன்றில் ஒரு பங்கினரே என்று காட்டியது. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கைச் செய்ய முடிந்தோரும் அதை ஒட்டிய அளவினரே. ஆய்வை நடத்தும் பிரதம் நிறுவனத்தின் கண்ணோட்டத்தோடு முரண்படலாம். அக்குழந்தைகள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களின், புலம்பெயர் செங்கல் சூளைத் தொழிலாளர்களின், தலித், பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதோடு முரண்பட முடியாது.

வாய்ப்பாடு தெரிவது வர்க்கத் தேவை. கூலிக் கணக்கில் மேஸ்திரி ஏமாற்றுவதையும், ரேஷன் எடையில் அடிக்கப்படுவதையும், நூற்றுக்கு ஐந்து மாத வட்டி ஆண்டுக்கு எவ்வளவு என்பதையும் நொடியில் கணிக்கத் தெரிந்த தொழிலாளி வேறு. கைநாட்டு வைத்துவிட்டு நம்பி நிற்பவர் வேறு. வட இந்தியச் சந்தைகளில் முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றுக்கும் தனித்தனி வாய்ப்பாடுகள் மனனம் செய்யப்பட்ட காலம் ஒன்று உண்டு. அவற்றை அறிந்திருந்தவர் கணக்குப்பிள்ளையும் வட்டிக்கடைக்காரரும், அறியாதிருந்தவர் கடனாளி. ஆகவே, குழந்தைகள் அடிப்படைக் கணக்கைச் சரளமாகச் செய்ய வேண்டும் என்ற குறிக்கோளில் தகராறு ஏதுமில்லை. அதன் பொறுப்பு யார் தலையில் கட்டப்படுகிறது என்பதில்தான் தகராறு.

ஓர் எளிய கணக்கு

2021 ஜூலை 5 அன்று ஒன்றிய அரசு நிபுண் பாரத் இயக்கத்தைத் தொடங்கியது. 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றாக வேண்டும் என்பது இலக்கு. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும். 9999 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும், எளிய பெருக்கல் கணக்குகளைச் செய்யவும் தெரிய வேண்டும். வாசிப்புக்குக் கடிகாரம் வந்துவிட்டது. கணக்குக்கும் அது வந்து சேர அதிக நாள் ஆகாது. இங்கிலாந்தில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 2022 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள வாய்ப்பாட்டுத் தேர்வில் 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடையளிக்க ஆறே வினாடிகள். எந்தப் பெருக்கலுக்கு எந்தக் குழந்தை எத்தனை வினாடி தயங்கியது என்று ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் காட்டும் மென்பொருள்கள் உலகச் சந்தையில் விற்பனைக்கு உள்ளன.

இதே அடிப்படைக் கணிதத்தைக் கொண்டு, கல்வி அமைச்சகம் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கைப் போடலாம். ஓராசிரியர் பள்ளியில் சராசரியாக 32 குழந்தைகள். ஒரு குழந்தையைத் தனியே அழைத்துச் சோதித்து, விடைகளைச் செயலியில் ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 320 நிமிடங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம். அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம், 240 நிமிடங்கள். ஆக, ஒரு சுற்றுச் சோதனைக்கு ஒன்றேகால் நாளுக்கும் மேல் முழுதாகப் போகிறது. அந்நேரத்தில் மற்ற 31 குழந்தைகளுக்கும் ஐந்து வகுப்புகளுக்கும் யார் பாடம் நடத்துவது? சிக்னல் கிடைக்காத ஊரில் பதிவேற்றம் முடிய எத்தனை நேரம்? இணைய வசதியுள்ள பள்ளிகள் 63.5 விழுக்காடு மட்டுமே என்று சொல்வதும் அதே யுடைஸ் பிளஸ்தான்.

இது ஒரே ஒரு செயலிக்கான கணக்கு. வருகைப்பதிவு, மதிய உணவு, பாடநூல், சீருடைக்கான வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவு கேட்கிறது. போதாக்குறைக்கு வாக்காளர் பட்டியல் பணி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறெந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தரவு ஏற்றுவதைக் 'கல்விப் பணி' என்று பெயரிட்டுவிட்டதால் அச்சட்டம் வாயடைத்து நிற்கிறது.

காந்திநகரிலிருந்து நாடெங்கும்

இம்முறையின் முன்மாதிரி குஜராத். காந்திநகரில் அமைக்கப்பட்டுள்ள 'வித்யா சமீக்ஷா கேந்திரா' என்னும் கட்டளை மையத்துக்குப் பிரதமர் மோடி 2022 ஏப்ரலில் நேரில் சென்றார். அம்மையம் ஆண்டுக்கு 500 கோடிக்கும் மேற்பட்ட தரவுகளைத் திரட்டிச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆராய்வதாக அப்போது அரசு பெருமையுடன் அறிவித்தது. உலக வங்கி அதை உலகுக்கே எடுத்துக்காட்டு என்று பாராட்டியது. பிறகு மற்ற மாநிலங்களும் இத்தகைய மையங்களை அமைக்குமாறு பணிக்கப்பட்டன. கட்டளை மையம் என்ற சொல்லே காவல் துறையிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் வந்தது என்பது கவனத்துக்குரியது.

உலக வங்கியின் பாராட்டு சும்மா வரவில்லை. 2020 ஜூனில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 'ஸ்டார்ஸ்' திட்டத்துக்கு 50 கோடி டாலர் கடனுக்கு அது ஒப்புதல் அளித்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், ஒடிசா, இமாச்சலப் பிரதேசம் ஆகியவற்றோடு, இடது ஜனநாயக முன்னணி ஆட்சியிலிருந்த கேரளமும் அந்த ஆறு மாநிலங்களில் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. ஒன்றிய அரசு நிதியை இறுக்கிப் பிடிக்கும்போது மாநிலங்களுக்கு எஞ்சும் வழிகள் மிகக் குறைவு. அத்திட்டத்தின் உயிர்நாடி, குறிப்பிட்ட முடிவுகளை எட்டிக் காட்டினால்தான் பணம் என்பது.

இது புதுமையன்று, பழைய சரக்கு. பிரிட்டனில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தப்பட்ட விதிகளின்படி, ஆய்வாளர் வந்து குழந்தைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதித்துத் தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிக்கு மானியம் அளிப்பார். காலனியாட்சி அதே முறையை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. அதைப் பெருமளவில் கடைப்பிடித்த மாகாணங்களில் மதராஸ் ஒன்று. விளைவு என்ன? ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் மட்டுமே பாடமாயின. மக்கு என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தை மானியத்துக்கு இடையூறாயிற்று. பள்ளி ஆய்வாளராகவே பணிபுரிந்த மேத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டன் அதைக் கைகழுவிவிட்டது. அன்று ஆய்வாளர் குதிரை வண்டியில் ஆண்டுக்கொரு முறை வந்தார். இன்று அவர் கைப்பேசிக்குள் நாள்தோறும் உட்கார்ந்திருக்கிறார்.

சந்தையில் கணக்குப் போடும் சிறுவன்

பலகை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதற்குக் கொல்கத்தா, டெல்லி சந்தைகள் சான்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் அங்கே காய்கறியும் சில்லறைப் பொருள்களும் விற்கும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் நடத்திய ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 800 கிராம் உருளைக்கிழங்கு, 1.4 கிலோ வெங்காயம் என்று வாடிக்கையாளர் கேட்டால், மொத்த விலையையும் மீதிச் சில்லறையையும் காகிதமின்றி மனக்கணக்காகவே சொல்லிவிட்டனர். அதே குழந்தைகளிடம் அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தபோது பெரும்பாலோர் தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற குழந்தைகளோ தாளில் ஓரளவு செய்தனர். சந்தைக் கணக்கில் திணறினர். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவோரச் சிறுவர்களிடையே 1980-களில் நடந்த ஆய்வுகள் ஏற்கெனவே உணர்த்திய உண்மை இது.

அந்த வெங்காயம் விற்கும் சிறுமி கண்காணிப்புப் பலகையில் சிவப்பு. அவள் மூளைக்குள் இருக்கும் கணிதத்தைத் தாளில் உள்ள குறியீட்டோடு இணைத்துக் காட்டுவது ஒரு மனிதரின் வேலை. அவள் எப்படிக் கணித்தாள் என்று கேட்டு, அவள் சொன்ன வழியையே பலகையில் எழுதி, வகுப்புக்குக் காட்டி, அங்கிருந்து முறையான வழிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஏழெட்டு என்ன என்று கேட்டதும் ஐம்பத்தாறு என்று வாய் சொல்வது ஒரு சரளம். ஏழைந்து முப்பத்தைந்து, ஏழுமூன்று இருபத்தொன்று, இரண்டும் சேர்ந்தால் ஐம்பத்தாறு என்று கட்டிக் கொண்டுவருவது இன்னொரு சரளம். வினாடிக் கடிகாரம் முன்னதைப் பாராட்டி, பின்னதைத் தண்டிக்கும். கடிகாரத்தைக் கண்டு கை நடுங்கும் குழந்தையும் உண்டு. குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு கூறும் கடமை என்பதைத் திட்டமிடுவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

அளந்தால் வளருமா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு எந்தக் குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்று தெரிந்தால்தானே கைதூக்கிவிட முடியும், அதைத்தானே இந்தப் பலகை காட்டுகிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சொல்லப்போனால், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாகவே 24-ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. நல்ல ஆசிரியர் தம் குறிப்பேட்டில் அதைத்தான் செய்துவருகிறார். அந்தக் குறிப்பேடு கணினித் திரையாக மாறுவதால் வானம் இடிந்துவிடாது. ஆனால் குறிப்பேடு குழந்தையை நோக்கித் திறந்திருக்கிறது; டேஷ்போர்டு அதிகாரியை நோக்கித் திறந்திருக்கிறது. மேலே போகும் தரவு எதுவானாலும், அதன் நிறம் தன் ஊதிய உயர்வையும் இடமாறுதலையும் ஒப்பந்தப் புதுப்பிப்பையும் தீர்மானிக்கும் என்று தெரிந்த ஆசிரியர் என்ன செய்வார்? பச்சையாக்குவார்.

இது ஊகமன்று. மத்தியப் பிரதேசத்தில் 'பிரதிபா பர்வ்' என்ற பெயரில் அரசு நடத்திய மதிப்பீட்டில் பதிவான மதிப்பெண்களை, பின்னர் ஆய்வாளர்கள் தனியே சோதித்துப் பார்த்தபோது, உண்மை நிலை பெரிதும் மிகைப்படுத்தப்பட்டிருப்பது வெளிப்பட்டது. காகிதத்தில் ஏமாற்று, கருவியில் ஏமாற்ற முடியாது என்று அதற்கும் கைக்கணினியையே மருந்தாகப் பரிந்துரைப்போர் உண்டு. ஏமாற்றுவதை ஒருவேளை தடுக்கலாம். கற்பிப்பதைக் கருவி கொண்டுவருமா? அதே மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு மேம்பாட்டுத் திட்டம் தீட்டும் ஏற்பாடு ஒன்றைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் விரிவாக ஆராய்ந்தனர். மதிப்பீடு ஒழுங்காக நடந்தது, திட்டங்கள் தீட்டப்பட்டன, பள்ளி நடைமுறையிலோ குழந்தைகளின் கற்றலிலோ எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் அது வெற்றி என்று கருதப்பட்டு, நாடெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. இவ்விருவரும் இடதுசாரிகள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

குழந்தைகளின் விவரங்கள் எங்கே போகின்றன என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். அரசின் 'தீக்ஷா' செயலியின் தரவுக் கிடங்கு பூட்டின்றித் திறந்து கிடந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் அம்பலமானதை 2023 ஜனவரியில் 'வயர்டு' இதழ் வெளிப்படுத்தியது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடை செய்கிறது. அதன் விதிகளோ கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன.

கடிகாரத்துக்கு எதிரான போராட்டங்கள்

ஆலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் டெய்லர் நிறுத்தற் கடிகாரத்தால் அளந்தபோது, வேலை பற்றிய அறிவு தொழிலாளியின் கையிலிருந்து மேலாளரின் மேசைக்குப் போயிற்று. அங்கன்வாடி ஊழியருக்கு 'போஷன் டிராக்கர்', ஆஷா ஊழியருக்கு ஒரு செயலி, ஆசிரியருக்கு டேஷ்போர்டு என இன்று அது சமூகநலப் பணிகளுக்குள் நுழைந்திருக்கிறது. எதிர்ப்பும் உடனெழுந்தது. 2021-இல் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பழுதான கைப்பேசிகளை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினர். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலை 8 முதல் டிஜிட்டல் வருகைப்பதிவு கட்டாயம் என ஆதித்யநாத் அரசு அறிவித்தபோது, ஆசிரியர்கள் கறுப்புப் பட்டை அணிந்து பதிவைப் புறக்கணித்தனர். ஒரே வாரத்தில், ஜூலை 16 அன்று, அரசு அதை நிறுத்திவைத்தது.

ஆனால் அதே அரசு, 2025 ஜூனில், மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஆணையிட்டது. எண்கள் மேலே போனதன் பலன் இதுதான். எண்ணிக்கை குறைவு என்ற தரவுக்கு, குழந்தைகள் ஏன் வரவில்லை, ஆசிரியர் எங்கே என்ற கேள்வி விடையாகவில்லை; பூட்டு விடையாயிற்று. நாளை 'கணக்கில் சிவப்பு' என்ற தரவுக்கும் அதே பூட்டு தயாராக இருக்கும்.

உத்தரப் பிரதேசப் போராட்டத்துக்குப் பெற்றோரின் ஆதரவு போதிய அளவில் திரளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் நேரத்துக்கு வராத பள்ளியைக் கண்ட ஏழைப் பெற்றோருக்குக் கண்காணிப்பு நியாயமாகவே படுகிறது. அந்த இடைவெளியில்தான் ஆளும் வர்க்கம் திரையைப் பொருத்துகிறது. அதை மூடுவது ஆசிரியர் சங்கங்களால் மட்டும் ஆகாது. விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகளும் பள்ளி வாசலுக்கு வர வேண்டும். முன்பு எழுத்தறிவு இயக்கத்தில் வந்தவர்கள்தாம். ஹோஷங்காபாத்தில் 1972 முதல் 2002-இல் அரசு மூடும்வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தப் பாடம் குழந்தைகளுக்குப் புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று தங்களுக்குள் விவாதித்தனர். கண்காணிப்புக்கு மாற்று என்ன என்று கேட்போருக்கு அது ஒரு விடை.

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அந்தக் குழுக் கூட்டங்களில் கட்சிக் கிளைகள் எழுப்பச் செய்ய வேண்டிய கோரிக்கை எளியது. குழந்தையின் பெயருக்கு நேரே நிறம் காட்டும் அதே பலகையில், இப்பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, எத்தனை நாள்களாக என்பதையும், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியையும் சிவப்பில் காட்டட்டும். அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதை நிறைவேற்றச் சட்டம் விதித்த காலக்கெடு 2013 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது.